நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

சென்னையில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். புயல் காலத்தில் தமிழ்நாடே அதன் அறிவிப்புக்குக் காத்திருக்கும். அந்த வளாகத்தினுள் கருங்கல் தூண் ஒன்று உண்டு. உயரம் 15 அடி, எடை ஏறத்தாழ 10 டன். அது தாங்கவேண்டிய கூரையோ மண்டபமோ இன்று இல்லை. மேலே 1792 என்ற ஆண்டும், வானாய்வகத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங்கின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் கல்வெட்டும் உண்டு.

வெறும் தொலைநோக்கிக்கு இத்தனை பெரிய கல் எதற்கு? விடை எளியது. அதன்மேல் பொருத்தப்பட்ட கருவி, விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நொடியைக் குறிப்பதற்கானது. கருவி இம்மியளவு அசைந்தாலும் நேரம் பிழையாகும். நேரத்தில் ஒரு விநாடி பிழைத்தால், பூமி சுழலும் வேகத்தில், சென்னையின் அகலக்கோட்டில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 450 மீட்டர் இடம் பிழைக்கும். பத்து டன் கருங்கல் எளிதில் அசையாது.

கடலில் செல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்கு இந்த நெடுங்கோட்டுக் கணக்கே உயிர்நாடி. கம்பெனி வானியலில் பணம் போட்டது விண்மீன்மேல் கொண்ட காதலால் மட்டுமன்று. இங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்து, அதன் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது என நிறுவினார். பின்னர் இரயில் பாதைகள் வந்தபோது, இந்தியாவின் பெரும்பகுதி இரயில்கள் இந்த ‘மதராஸ் நேர’ப்படியே ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 5½ மணி முந்திய இந்தியப் பொது நேரம் வந்தது. ஆகவே சென்னையில் இருப்பவர்களே, உங்கள் கடிகாரம் ஊரின் சொந்த நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் வேகமாகவே ஓடுகிறது!

கல்வெட்டு சொல்வதற்கு வருவோம். ஆசியாவில் கணித அறிவியல்கள் பிரிட்டிஷாரின் பெருந்தன்மையால் முதன்முதலில் ஊன்றப்பட்ட காலத்தை, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் கருத்து. தூணின் உறுதியைப் பாராட்டுகிறேன். இந்த வாசகத்தை ஏற்க முடியவில்லை. ஆரியபட்டர் தம் நூலை எழுதியது கி.பி. 499-இல். தில்லியில் ஜந்தர் மந்தர் எழுந்தது, இந்தத் தூணுக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் முன்னர்.

இதைவிடச் சுவையான மறுப்பு, அதே ஆய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்த ஜான் வாரன் என்பவரிடமிருந்தே கிடைக்கிறது. அவர் 1825-இல் புதுச்சேரிப் பகுதியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாடுகளைக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் இல்லை, எழுதுகோலும் இல்லை. தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முறை பழையது, திருத்தப்படாதது. ஆயினும் முதன்முதலில் ஊன்றியவர்கள் கல்வெட்டு எழுதியவர்கள் அல்லர் என்பதற்கு அந்த 4 நிமிடம் போதாதா?

இனிப் பரங்கிமலைக்கு வாருங்கள். இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை அங்கே உள்ளது. அவர் 1802 ஏப்ரலில் இம்மலையருகே தொடங்கித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சித்திரை வெயிலில் எஃகு நீளுமே! வெப்பநிலை 10 டிகிரி செல்சியசு உயர்ந்தால் 12 கிலோமீட்டர் எஃகு எவ்வளவு நீளும்? எஃகின் நீள்விரிவுக் குணகத்தை 0.0000115 என வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1.38 மீட்டர். அதனால்தான் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து அளந்தார்கள். பின்னர் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதியதில் கருவியும் பழுதாயிற்று, கோயில் சிற்பமும் சேதமாயிற்று. சங்கிலி பிடித்தவர்கள், கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

நுங்கம்பாக்கம் ஆய்வகத்தின் உதவியாளர் ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். சிந்தாமணி ரகுநாதாச்சாரி இளவயதிலேயே அங்கு வேலைக்குச் சேர்ந்தவர். 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில், ஒளி கூடிக்குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றும் அது ஆர் ரெட்டிகுலி என அட்டவணைகளில் உள்ளது. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்ச்சியை விளக்கி மக்கள் மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தை வானில் நேரில் காண்பதோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்பது அவர் வாதம். 1880-இல் மறைந்தார்.

தூணில் அவர் பெயர் இல்லை. 1792-இல் செதுக்கிய கல்லில் இருக்கவும் முடியாது. 1899-இல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின. பிறகு தூண் மட்டும் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. சென்னைக்கு வரும்போது முன்அனுமதி பெற்று ஒருமுறை பாருங்கள். கூடவே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். தமிழ் எழுத்துகளின் அந்தக் காலத்து வடிவத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.