பிரசவ வலிக்கு எபிடியூரல்: முதுகு ஊசி பயம் சரிதானா?

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலிதான்" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். பிரசவ அறையில் வலி தாங்காமல் ஒரு பெண் ஊசி கேட்க, வெளியே நிற்கும் குடும்பத்தார் வேண்டாம் என்று முடிவு செய்வதும் இந்தப் பேச்சை நம்பித்தான்.

முதலில் இரண்டு ஊசிகளை நாம் பிரித்தறிய வேண்டும். சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடப்படுவது ஸ்பைனல். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் மருந்தை ஒரே தடவையில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். எபிடியூரல் அந்த உறைக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஊசி வழியாக நூல் போன்ற குழாயை விட்டுவிட்டு, ஊசியை எடுத்துவிடுவார்கள். பிரசவம் முடியும்வரை குழாயில் மருந்து செல்லும். வலி அடங்க 20 நிமிடம் வரை ஆகலாம். தாய் விழித்தே இருப்பார், குழந்தையின் அழுகையையும் கேட்பார். இடையில் சிசேரியன் தேவைப்பட்டால், அதே குழாயில் வீரியமான மருந்து கொடுத்துச் செய்யலாம்.

இது புதிய சோதனை முயற்சியும் அல்ல. ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிதெல் பாஹேஸ் 1921இலேயே இம்முறையை எழுதி வெளியிட்டார்.

தண்டுவடம் கீழ்முதுகுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது; ஊசி அதற்குக் கீழே போடப்படுகிறது. நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக மிக அரிது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் நாள்பட்ட முதுகுவலி எபிடியூரல் போட்டவர்களுக்கு அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிரசவத்துக்குப் பின் முதுகுவலி ஊசி போடாதவர்களுக்கும் வருகிறதே! சிசேரியன் வாய்ப்பையும் இது கூட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம், நடுக்கம், அரிப்பு வரலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். குழந்தையை முக்கித் தள்ளும் நேரம் சற்று நீளலாம். ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

பொறுத்துக்கொண்டால் நன்மை என்று மார்க்கத்தின் பெயரால் தடுப்பவர்களையும் பார்க்கிறோம். மருத்துவம் செய்துகொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. வலியைச் சுமப்பவர் அந்தப் பெண். ஊசி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டியதும் அவரைத்தான்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். இரவிலும் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா என்றும் கேட்டு வைக்கவும். அவர் இல்லாத மருத்துவமனையில் எபிடியூரல் கிடைக்காது.