ஆர்க்கிட் செடி வாடுதா? தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்க!

வாங்கி வந்தபோது கொத்துக் கொத்தாகப் பூ. ரெண்டு மூணு மாசத்தில் பூ உதிர்ந்து, இலை சுருங்கித் தொங்க ஆரம்பிக்கிறது. "பாவம், தண்ணீர் போதல போல" என்று தினமும் ஊற்றுகிறோம். செடி இன்னும் வாடுகிறது. வீட்டில் வளரும் ஆர்க்கிட்கள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிகிறது. பெரும்பாலும் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை இல்லை. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியதுதான்.

மண்ணில் வளராத செடி

கடைகளில் அதிகம் விற்கப்படுவது ஃபெலனாப்சிஸ் வகை. அந்துப்பூச்சி போல விரிந்த பூ என்பதால் இந்தப் பெயர். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும். மரத்தில் இருந்தாலும் மரத்தின் சாறை உறிஞ்சாது. இது ஒட்டுண்ணி அல்ல, தொற்றுத் தாவரம்.

காட்டில் மழை கொட்டும்போது வேர் நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றில் காய்ந்துவிடும். வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழைத் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்வது இதுதான். இந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. தொட்டி எப்போதும் ஈரமாகவே இருந்தால் காற்று கிடைக்காமல் வேர் அழுகிவிடும்.

இலை சுருங்கினால் தாகம்தானா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் குறைந்தாலும் இலை சுருங்கும், தண்ணீர் கூடினாலும் சுருங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருந்தும் செடி தாகத்தில் தவிக்கும். அந்த நேரத்தில் மேலும் ஊற்றினால் மிச்சம் இருக்கும் வேரும் போய்விடும்.

எனவே இலையை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள்:

- வெள்ளி போன்ற சாம்பல் நிறம், தொட்டால் கெட்டி: வேர் காய்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றலாம்.
- பச்சை நிறம், கெட்டி: தண்ணீர் இருக்கிறது. காத்திருங்கள்.
- பழுப்பு அல்லது கறுப்பு நிறம், அழுத்தினால் கொழகொழ: அழுகிவிட்டது. தொட்டியை மாற்ற வேண்டும்.

அடியில் இருக்கும் ஒரே ஒரு இலை மட்டும் மஞ்சளாகி விழுந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் வயதான இலை. தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களையும் வெட்டிவிடாதீர்கள். இந்தச் செடிக்கு அது இயல்பு.

எப்போது, எப்படி ஊற்றுவது?

"வாரம் ஒரு முறை" என்பது தோராயக் கணக்குதான். வெயில் காலத்தில் 4, 5 நாளிலேயே காய்ந்துவிடலாம். அடைமழை நேரத்தில் 10 நாள் ஆனாலும் ஈரம் போகாமல் இருக்கலாம். ஏசி அறையில் கணக்கு மறுபடி மாறும். காலண்டரை நம்பாமல், வேரின் நிறத்தையும் தொட்டியின் எடையையும் பாருங்கள். தூக்கினால் லேசாக இருந்தால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

ஊற்றும்போது தயங்காமல், அடித்துளை வழியாக வழியும் வரை காலையில் ஊற்றுங்கள். பிறகு முழுக்க வடிய விடுங்கள். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் துடைத்துவிடுங்கள். அங்கே அழுகினால் செடியைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேர் நுனி கருகும். மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

தொட்டி மாற்றுவது எப்படி?

நல்ல செடிக்கு ஒன்றரை முதல் 2 ஆண்டுக்கு ஒரு முறை, பூ முடிந்த பிறகு மாற்றினால் போதும். வேர் அழுகியிருந்தால் காத்திருக்கக் கூடாது. பூ இருந்தாலும் உடனே மாற்றுங்கள்.

1. செடியை மெதுவாக எடுத்து, பழைய கலவையை உதிர்த்துவிட்டு வேரைக் கழுவுங்கள். கடையில் வாங்கிய செடியில் வேருக்கு நடுவே ஈரப்பாசி உருண்டை இருக்கலாம். மேலே காய்ந்தாலும் அது உள்ளே ஈரமாகவே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.
2. கத்தரியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, அழுகிய வேர்களை மட்டும் வெட்டுங்கள். கெட்டியான வேரில் கை வைக்க வேண்டாம்.
3. பூந்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். செடியின் பலம் வேருக்குப் போகட்டும்.
4. கலவைக்கு கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு போதும். மட்டைத் துண்டை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவினால் உப்பு போகும். தோட்ட மண், தேங்காய் நார்த்தூள் இரண்டும் வேண்டாம். காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துவிடும்.
5. வேர்கள் சரியாக அடங்கும் அளவு தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் காய நாளாகும். நிறையத் துளை உள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டி என்றால் வேரின் நிறத்தைப் பார்க்க வசதி.
6. வெட்டுக் காயம் ஆற 2, 3 நாள் விட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

அதன் பிறகு?

காலை இளவெயில் படும் கிழக்கு ஜன்னல் ஓரம் நல்ல இடம். மதிய வெயில் நேரடியாகப் பட்டால் இலை கருகும். புது வேர் வரும் வரை உரம் வேண்டாம். வந்த பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கு போதும்.

சுருங்கிய பழைய இலை முழுசாக நிமிராமல் போகலாம். அதை வைத்துச் செடி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கிறதா, நடுவில் புது இலை துளிர்க்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். கெட்டியான வேர் ரெண்டு மூணு மிச்சம் இருந்து, நடுக்குருத்தும் பச்சையாக இருந்தால் செடி பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

பூவுக்கு இன்னும் பொறுமை வேண்டும். பகல் வெப்பம் தொடர்ந்து 28 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் புதிய பூந்தண்டு வருவது தடைபடும். அதனால் கோடையில் பூக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வேரைத் தேற்றி வைத்தால், குளிர்ந்த மாதங்களில் தண்டு வர வாய்ப்பு அதிகம்.