கணக்கு வழி, காரண வழி: பத்தாம் வகுப்பு இயற்பியலுக்கு இரு திருப்புதல்கள்

பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வுகள் நெருங்கும்போது இயற்பியலை மீண்டும் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கணக்கு வழி. சூத்திரங்களை ஒரே தாளில் எழுதி மனப்பாடம் செய்து, புக் பேக் கணக்குகளையும் பழைய வினாத்தாள்களையும் போட்டுப் பார்ப்பது இதன் முறை. மற்றது காரண வழி. எண்களைத் தள்ளிவைத்துவிட்டு, ‘இப்படிச் செய்தால் என்ன நடக்கும், ஏன் நடக்கும்?’ என்று கேட்டு, முதலில் துணிந்து ஒரு பதில் சொல்லி, பிறகு அதைச் சோதிப்பது இதன் முறை. நம் வகுப்பறைகளில் பெரும்பாலான நேரத்தை முதல் வழி எடுத்துக்கொள்கிறது. மாணவருக்கு எந்த வழி எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதை அறிய, அவர்கள் படிக்கும் பாடங்களிலேயே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மேலே எறிந்த பந்து

நொடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். உச்சியை அடைய எவ்வளவு நேரமாகும்? எவ்வளவு உயரம் போகும்? கணக்கு வழியில் பயின்ற மாணவர் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று வைத்து, 2 நொடி, 19.6 மீட்டர் என்று சரியாக எழுதிவிடுவார். முழு மதிப்பெண் கிடைக்கும்.

அதே மாணவரிடம் காரண வழியின் கேள்வியைக் கேட்போம்: உச்சியில் பந்தின் முடுக்கம் எவ்வளவு? பலர் சட்டென்று சுழி என்பார்கள். அங்கே சுழியாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் சுழியாகியிருந்தால் திசைவேகம் மாறவே வழியில்லை. பந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். அது கீழே திரும்பி வருவதே உச்சியிலும் முடுக்கம் 9.8 ஆக, கீழ்நோக்கி இருப்பதற்குச் சான்று. கணக்கில் அந்த மாணவர் பயணம் முழுவதற்கும் 9.8 என்றுதான் போட்டிருக்கிறார். தான் போட்ட எண் என்ன சொல்கிறது என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பந்து மேலே போகும்போது அதன்மேல் என்ன விசை இருக்கிறது என்று கேட்டால் இன்னொரு தவறும் வெளிவரும். ‘கை கொடுத்த விசை இன்னும் பந்துக்குள் இருக்கிறது’ என்பது பலருடைய நம்பிக்கை. கையை விட்ட பின், காற்றின் தடையைத் தவிர்த்தால், பந்தின்மேல் இருப்பது புவியீர்ப்பு விசை ஒன்றே. இயக்கம் தொடர விசை வேண்டியதில்லை, இயக்கம் மாறத்தான் விசை வேண்டும் என்ற நியூட்டனின் முதல் விதி இங்கே உயிர் பெறுகிறது. விதியை ஒப்பிக்கத் தெரிந்தவரும் இந்தப் பந்திடம் தடுமாறக் கூடும்.

பாதி மூடிய லென்சு

குவியத் தொலைவு 10 செ.மீ. கொண்ட குவிலென்சின் முன் 15 செ.மீ. தொலைவில் ஒரு மெழுகுவத்தி. லென்சு சமன்பாட்டில் எண்களைப் பொருத்தினால், மறுபுறம் 30 செ.மீ. தொலைவில், இரண்டு மடங்கு பெரிதாய், தலைகீழான பிம்பம் கிடைக்கும். கணக்கு முடிந்தது.

இப்போது லென்சின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மூடுகிறோம். பிம்பம் என்ன ஆகும்? பாதிப் பிம்பம் மறைந்துவிடும் என்பதே வழக்கமான பதில். உண்மையில் முழுப் பிம்பமும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். பிரகாசம் மட்டும் குறையும்.

தவறு எங்கிருந்து வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. கதிர்ப்படத்தில் நாம் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கதிர்களை மட்டும் வரைகிறோம். பிம்பம் விழும் இடத்தைக் காண அவ்விரண்டு போதும். ஆனால் சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எண்ணற்ற கதிர்கள் புறப்பட்டு லென்சு முழுவதிலும் விழுகின்றன. பாதியை மூடினாலும் மறு பாதி வழியே வந்த கதிர்கள் அதே புள்ளியில் குவியும். சமன்பாடும் கதிர்ப்படமும் தவறானவை அல்ல. அவை பிம்பத்தின் இடத்தைச் சொல்ல வந்தவை. பிம்பம் எப்படி உண்டாகிறது என்பதைக் காரண வழியே கேட்கிறது.

தொடரிணைப்பில் இரு பல்புகள்

இரு வழிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தேவை என்பதை மின்னோட்டவியல்தான் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 220 வோல்ட்டுக்கான இரண்டு இழை பல்புகள். ஒன்று 100 வாட், மற்றது 60 வாட். இரண்டையும் தொடரிணைப்பில் 220 வோல்ட்டுடன் இணைத்தால் எது அதிகம் ஒளிரும்? (தாளில் செய்து பார்த்தால் போதும், வீட்டு மின்சாரத்தில் வேண்டாம்.)

சூத்திரங்களை மட்டும் நம்பியவருக்கு இங்கே இரண்டு கதவுகள் தெரியும். திறன் என்பது மின்னழுத்த வேறுபாட்டின் இருமடியை மின்தடையால் வகுத்தது. அப்படியானால் மின்தடை கூடினால் திறன் குறையும். திறன் என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கியது; அப்படியானால் மின்தடை கூடினால் திறன் கூடும். இரண்டும் சரியான சூத்திரங்கள். எதை எடுப்பது?

இதற்கு விடை சொல்வது காரணம். தொடரிணைப்பில் இரு பல்புகளுக்கும் பொதுவானது மின்னோட்டம். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்புவதில்லை. ஒரே மின்னோட்டமே இரண்டின் வழியாகவும் பாய்கிறது. ஆகவே இரண்டாம் சூத்திரமே இங்கே பொருந்தும். மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்புதான் அதிகம் ஒளிரும். பக்க இணைப்பில் மின்னழுத்த வேறுபாடு பொதுவானதாகிவிடும், முடிவும் தலைகீழாகும்.

எவ்வளவு அதிகம் ஒளிரும் என்று கேட்டால் காரண வழி வாயடைத்து நிற்கும். கணக்குதான் முன்வர வேண்டும். 100 வாட் பல்பின் மின்தடை 484 ஓம். 60 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 807 ஓம். மின்தடைகள் மாறவில்லை என்று கொண்டால், தொடரிணைப்பில் 60 வாட் பல்பு சுமார் 23 வாட்டும், 100 வாட் பல்பு சுமார் 14 வாட்டும் எடுக்கும். இரண்டுமே தம் மேல் எழுதியிருக்கும் திறனை எட்டவில்லை. வீடுகளில் விளக்குகளை ஏன் பக்க இணைப்பில் இணைக்கிறோம் என்பதற்கு இந்த எண்களே விளக்கம்.

இரு வழியும் சந்திக்கும் இடம்

கனமான கல்லும் லேசான கல்லும் ஒன்றாக விழுமா? கணக்கு வழி சொல்லும்: எடை நிறைக்கு ஏற்பக் கூடுகிறது, முடுக்குவதற்கு வேண்டிய விசையும் அதே நிறைக்கு ஏற்பக் கூடுகிறது, சமன்பாட்டின் இருபுறமும் நிறை அடிபட்டுப் போகிறது, முடுக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காரண வழியில் இதே முடிவுக்கு வந்தார். கனமான கல் வேகமாக விழும் என்று வைத்துக்கொண்டால், அதனோடு லேசான கல்லைக் கட்டும்போது லேசானது கனமானதைத் தாமதப்படுத்த வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மொத்தம் இன்னும் கனமாகிறது. ஆகவே இன்னும் வேகமாக விழவும் வேண்டும். இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

ஆய்வுகள் சொல்வது

கணக்கு வழி தானாகவே புரிதலைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அசைத்திருக்கின்றன. 1992இல் அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டினசும் உடன் பணியாற்றியவர்களும் விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டார்கள். கணக்கீடு ஏதும் தேவைப்படாத, தேர்ந்தெடுத்து எழுதும் வினாக்கள் அவை. 1998இல் ரிச்சர்ட் ஹேக், 6000க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தார். வழக்கமான முறையில் பயின்ற வகுப்புகள், எட்டக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 சதவீதத்தையே எட்டின. மாணவர்களைச் சிந்தித்து விவாதிக்க வைத்த வகுப்புகள் 48 சதவீதத்தை எட்டின. கொரிய மாணவர்களைப் பற்றி 2002இல் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. சராசரியாகச் சுமார் 1500 கணக்குகள் போட்டிருந்த மாணவர்களிடமும் இயக்கவியலின் அடிப்படைக் குழப்பங்கள் பல அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை.

அதற்காகக் கணக்கு வழியைக் கைவிடச் சொல்ல முடியாது. அது வேகத்தையும் துல்லியத்தையும் தருகிறது. அலகுகளில் கவனத்தை வளர்க்கிறது. பொதுத்தேர்வுக்கும் அது வேண்டும். காரண வழிக்கும் ஓர் ஆபத்து உண்டு. எண்களால் சோதிக்கப்படாத விளக்கம் கேட்பதற்கு அழகாக இருந்துகொண்டே தவறாகவும் இருக்க முடியும்.

ஆகவே கேள்வி எது முதலில் என்பதே. என் முடிவு: காரணம் முதலில், கணக்கு அடுத்து, மீண்டும் காரணம். ஒவ்வொரு பாடத்துக்கும் எண் இல்லாத ஒரு கேள்வியை எடுத்து, பதிலையும் காரணத்தையும் ஒரே வரியில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மனதுக்குள் வைத்திருந்தால், விடையைப் பார்த்ததும் ‘இதைத்தான் நானும் நினைத்தேன்’ என்று தோன்றிவிடும். அதன் பிறகு சூத்திரம், பிறகு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஒரே ஓர் அளவை மட்டும் மாற்றி, விடை கூடுமா குறையுமா என்று முதலில் சொல்லிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் திருப்புதல் தேர்வில் ஒவ்வொரு கணக்கின் கீழும் ‘ஏன்?’ என்று ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி சேர்த்தாலே மாணவர்கள் படிக்கும் விதம் மாறத் தொடங்கும். மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதையே பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் புரிதலுக்கு ஒதுக்குவது நம் கையில்தான் இருக்கிறது.