குர்னாவின் மண் வீடுகள்

மிஸ்ரு நாட்டில் லுக்ஸர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக்கரையில், பண்டைக் கல்லறைகளின் மீதே வாழ்ந்தனர் குர்னா மக்கள். அக்கல்லறைகளே அவர்களுள் பலர்க்குப் பிழைப்பு. அவற்றைக் காக்க விழைந்த தொல்பொருள் துறை, 1945இல் புதிய ஊர் அமைக்கும் பணியைக் கட்டிடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹியிடம் ஒப்படைத்தது.

மரமோ அங்கு அருமை. சிமெண்டோ ஏழைக்கு எட்டாதது. ஆகவே, அஸ்வான் பகுதியின் நூபியக் கொத்தனார்களை அவர் வரவழைத்தார். வைக்கோல் கலந்த சுடாத மண்கல்லைப் (அரபியில் 'தூப்') பின்சுவரின் மேல் சாய்வாக அடுக்கி, தாங்குசட்டம் ஏதுமின்றி வளைகூரை எழுப்பும் வித்தை அவர்கள் கையில் இருந்தது. பள்ளிவாசலும் சந்தையும் எழுந்தன.

ஆயினும் பெரும்பாலோர் குடிபெயர மறுத்தனர். ஊர் அரைகுறையாய் நின்றது. இதனை மண்ணின் குறையென்பாரை நாம் ஏற்பதற்கில்லை. பிழைப்பைப் பறித்துக்கொண்டு வீட்டைக் கொடுத்தால் வருவார் யார்? பழைய குர்னாவின் வீடுகளைப் பேரளவில் இடிக்க, 2006 வரை அரசு காத்திருக்க நேர்ந்தது.