சார்பு உட்செலுத்தலுக்குப் பிந்திய ஆப்ஜெக்ட் ஆயத்தம்

ஆப்ஜெக்ட் வழி நிரலாக்கத்தில், ஓர் ஆப்ஜெக்ட் தனக்கு வேண்டிய துணை ஆப்ஜெக்டுகளைத் தானே சிருஷ்டித்துக்கொள்ளாமல், கன்டெய்னர் என்னும் வெளி நிர்வாகியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் முறைக்குச் சார்பு உட்செலுத்தல் என்று பெயர். அவ்வாறு பெற்று முடித்த பின், தன் தொழிலைத் தொடங்குமுன் அந்த ஆப்ஜெக்ட் செய்துகொள்ளும் பூர்வாங்கக் காரியங்களே ஈண்டு ஆயத்தம் எனப்படும். ஜாவா உலகில் 2002-இல் ராட் ஜான்சன் எழுதிய நூலிலிருந்து கிளைத்த ஸ்பிரிங் என்னும் கன்டெய்னர், 2004 மார்ச்சில் முதற்பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை, இம்முறைக்கு இன்று வழங்கும் பெயரை நிலைநிறுத்தியது.

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்துள்ள வடுகபட்டி, கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து விலையாகும் சந்தையால் பேர் பெற்ற ஊர். அங்குள்ள கமிஷன் மண்டி ஒன்றுக்குக் கணக்கு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொண்டால், இந்த ஆயத்தம் ஏன் தனியொரு கட்டமாகப் பிரிந்து நிற்கிறது என்பது விளங்கும். ரகவாரியான விலைகளைக் கையில் வைத்திருந்து, மூட்டையின் எடையைத் தந்தவுடன் கிரயத்தையும் கமிஷனையும் கணக்கிட்டுச் சொல்லும் ‘விலைப்பட்டியல்’ என்னும் ஆப்ஜெக்டுக்கு டேட்டாபேஸ் தொடர்பு அவசியம். அத்தொடர்பைக் கன்டெய்னர் ஃபீல்டு வழியாகவோ செட்டர் வழியாகவோ கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் ஆப்ஜெக்ட் பிறந்திருக்க வேண்டும். பிறப்பதென்றால் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்திருக்க வேண்டும். ஆகவே, அன்றைய விலைகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்துவரும் வரிகளைக் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே எழுதிவிட்ட புரோகிராமர், இன்னும் வந்து சேராத தொடர்பின்மீது கை வைத்தவராகி, ‘நல் பாயின்ட்டர்’ பிழையைச் சந்திக்கிறார். எல்லாத் துணைகளும் வந்து சேர்ந்த கணத்தில் தன்னை ஒருமுறை அழைக்கும்படி கன்டெய்னரிடம் சொல்லிவைக்க ஆப்ஜெக்டுக்கு ஒரு வழி வேண்டும் என்ற தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஸ்பிரிங் அதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆப்ஜெக்டில் அமைந்தால் நிகழும் வரிசையும் நிர்ணயமானது. முதலில் ‘போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்’ என்ற அனோட்டேஷன் இட்ட மெத்தடும், அடுத்து ‘இனிஷியலைசிங்பீன்’ என்ற இன்டர்ஃபேஸின் ‘ஆஃப்டர்பிராப்பர்ட்டீஸ்செட்’ மெத்தடும், இறுதியில் அமைப்புக் குறிப்பில் பெயர் சொல்லப்பட்ட மெத்தடும் அழைக்கப்படும். இவற்றுள் இரண்டாவது, எழுதுபவரின் புரோகிராமை ஸ்பிரிங்கோடு நேராகப் பிணைத்துவிடுவதால், 2006-இல் ஜாவாவின் பொது நியதியாக வந்த முதல் வழியே விரும்பத்தக்கது.

எனினும், ஆயத்த மெத்தடை நாடுமுன் அது மெய்யாகவே வேண்டுமா என்று ஆராய்வது உத்தமம். துணைகளைக் கன்ஸ்ட்ரக்டரின் வழியாகவே பெற்றால், அவை இல்லாமல் ஆப்ஜெக்ட் பிறக்கவே முடியாது. ஃபீல்டுகளைப் பின்னர் மாற்றவொண்ணாதபடி ‘ஃபைனல்’ என்று பூட்டிவிடலாம். அரைகுறை நிலை என்பதே ஆப்ஜெக்டுக்கு இல்லாமற்போகிறது. ஒரே கன்ஸ்ட்ரக்டர் உள்ள வகுப்புக்குத் துணைகளைக் கேட்கும் அனோட்டேஷன்கூட வேண்டாம் என்று 2016-இல் வந்த ஸ்பிரிங் 4.3 இவ்வழியை மேலும் சுலபமாக்கியது. இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் சுழற்சி இம்முறையில் உடனே வெளிப்பட்டுவிடும். அது குறையன்று, பெரிய நன்மையே. ஸ்பிரிங்கின்மேல் கட்டப்பட்ட ‘ஸ்பிரிங் பூட்’ என்னும் தொகுப்பும், 2021-இல் வந்த தன் 2.6-ஆம் பதிப்பிலிருந்து, அத்தகைய சுழற்சியை இயல்பாகவே மறுத்துவிடுகிறது.

அப்படியானால் ஆயத்த மெத்தடுக்கு எஞ்சிய பணி யாது? வந்து சேர்ந்த மதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பரிசோதிப்பதும், அவற்றைக்கொண்டு உள் அட்டவணைகளைக் கட்டிக்கொள்வதும் அதற்குத் தக்கவை. கமிஷன் சதவீதம் எதிர்மறை எண்ணாக அமைந்திருந்தால், முதல் மூட்டை எடைபோடப்படும்வரை காத்திராமல், புரோகிராம் துவங்கும்போதே நிறுத்திவிடுவது வியாபாரிக்கும் விவசாயிக்கும் செய்யும் பேருபகாரம். நெடுநேரம் பிடிக்கும் காரியங்களோ, பிற ஆப்ஜெக்டுகளைத் தேடிச்செல்லும் காரியங்களோ அங்கே கூடா. ஏனெனில் இம்மெத்தடுகள் ஸ்பிரிங்கின் சிருஷ்டிப் பூட்டுக்குள் ஓடுகின்றன, அங்கே வேறு த்ரெட்டுக்காகக் காத்திருந்தால் இரண்டும் நகராமல் நின்றுபோகும் அபாயம் உண்டு. அத்தகைய பணிகளுக்கு, எல்லா ஆப்ஜெக்டுகளும் அமைந்து முடிந்த பின் வரும் ‘ஸ்மார்ட்இனிஷியலைசிங்சிங்கிள்டன்’ அழைப்பே ஏற்றது. மேலும், டிரான்சாக்ஷன் முதலிய வசதிகளைத் தரும் பிராக்ஸி உறை, வழக்கமாக ஆயத்தம் முடிந்த பின்னரே ஆப்ஜெக்டின்மேல் போர்த்தப்படுவதால், ஆயத்த மெத்தடின்மீது டிரான்சாக்ஷன் அனோட்டேஷனை எழுதியிருந்தும் அது செயற்படுவதில்லை.

‘போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்’ அனோட்டேஷனின் சரித்திரத்தில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஜாவா 11 அதைத் தன் மூல நூலகத்திலிருந்து விலக்கிவிட்டது. 2020-இல் ஜகார்த்தா இஇ 9 அதன் பேக்கேஜ் பெயரையே மாற்றியது. ஓடும் வேளையில் அனோட்டேஷனுக்குரிய வகுப்பு கிடைக்காவிடில் ஜாவா பிழை சொல்வதில்லை, அதைப் பொருட்படுத்தாமலே விட்டுவிடுகிறது. அதனால் ஆயத்த மெத்தட் மௌனமாக அழைக்கப்படாமற்போகும். கூகுளில் உருவாகி 2007-இல் வெளியான கைஸ் என்னும் கன்டெய்னரோ இந்த அனோட்டேஷனைத் தானாகவே ஆதரிப்பதில்லை. ஜாவாவுக்கு வெளியே, வெப் பக்கங்களுக்கான ஆங்குலர் என்னும் கட்டமைப்பிலும் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் தாய் காம்பொனென்ட் அனுப்பும் உள்ளீடுகள் வந்திரா. ஆகையால் அவற்றைச் சார்ந்த வேலைகள் ‘என்ஜிஆன்இனிட்’ மெத்தடில் வைக்கப்படுகின்றன.

கன்டெய்னர் இன்றி, ‘நியூ’ கொண்டு ஆப்ஜெக்டைப் படைக்கும் யூனிட் டெஸ்டுகளில் ஆயத்த மெத்தடை எவரும் அழைக்கமாட்டார். சோதனையை எழுதுபவரே அதை அழைக்கவேண்டும், அதற்கேற்ப அம்மெத்தட் ‘பிரைவேட்’ ஆக இல்லாமல் அதே பேக்கேஜுக்குள் எட்டும்படி அமைவது நலம்.