தோள் தழும்பும் செங்கல்பட்டு ஆய்வும்

ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள், "பி.சி.ஜி. ஊசிதான் போட்டாச்சே சார், எங்களுக்கு எப்படி டி.பி. வரும்?" என்கிறார்கள். விடை சொன்னதே நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான்!

திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் 1968-ல் சுமார் 2,60,000 பேரைச் சேர்த்து ஆய்வு தொடங்கியது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லா ஊசி. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-ல் வெளிவந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை. (கைக்குழந்தைகளை மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து காக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் போடத் தவறாதீர்கள்.)

அதே 1999-ல் வேறொரு ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. காசநோய்க் கிருமியின் மேல் கொழுப்பு வால் ஒட்டிய புரதங்கள் உண்டு, பெயர் லிப்போபுரதம். நம் வெள்ளணுவின் மேலுள்ள டி.எல்.ஆர்.-2 என்ற உணர்வி அந்த வாலைத் தொட்டதும் ஆலைச் சங்கு ஊதியதுபோல அணு விழிக்கிறது, அழற்சி தொடங்குகிறது. ஊசி போடாதவர் உடம்பிலும் இது நடக்கும்.

கிருமியோ எமகாதகன். சங்கு ஓயாமல் ஊதினால், பிடித்த கிருமியின் துண்டை டி அணுக்களுக்குக் காட்டும் வேலையில் வெள்ளணு சுணங்கிவிடுகிறது. அந்தச் சந்தில் கிருமி உள்ளேயே பல வருஷம் பதுங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம்.