உள்ளத்தின் காயமும் ஊரின் குற்றமும்

உடலில் பட்ட காயத்தைப் பிறரும் காண்பர். உள்ளத்தில் பட்ட காயத்தைப் பட்டவர் மட்டுமே அறிவர். அக்காயத்தைப் பேசவிட்டும் செவிமடுத்தும் ஆற்றலாம் என்னும் மருத்துவ முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரில் பிராய்டு முதலியோரால் உருப்பெற்றது. 1942இல் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ், துன்புற்று வந்தவருக்கு அறிவுரை கூறுவதினும் அவரை மதித்துக் கேட்பதே முதன்மையானது என நூலெழுதி, ஆலோசனைப் பணிக்குப் புதுவழி காட்டினார். எனினும் இம்மருத்துவம் நெடுங்காலம் வசதி படைத்தோர்க்கே கிட்டியது. ஒடுக்கப்பட்ட மக்களிடம் அது வந்து சேர்ந்த வரலாற்றில் ஓர் ஏட்டையேனும் நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

நியூயார்க் நகரின் ஒரு பகுதி ஹார்லெம். 1940களில் அங்குக் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்தனர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் அதன் அருகிலேயே உள்ளது. ஹார்லெமின் ஏழைகள் மனநல மருத்துவம் பெற வழியின்றித் தவித்தனர். ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் பிரெடரிக் வெர்தாம், கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்டு ரைட் முதலியோர் துணையுடன் அவர்களுக்கென ஒரு மருத்துவமனை காண முயன்றார். பொருளுதவி கிடைக்கவில்லை. புனித பிலிப் ஆலயத்தின் போதகர் ஷெல்டன் ஹேல் பிஷப், ஆலயத்தைச் சேர்ந்த கட்டடத்தின் நிலவறையில் இடமளித்தார். 1946 மார்ச்சில் லஃபார்க் மருத்துவமனை பிறந்தது.

வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு மாலைகளில் மட்டுமே அது இயங்கியது. கட்டணம் 25 சென்ட். இயலாதவர்க்கு அதுவும் இல்லை. கறுப்பரும் வெள்ளையருமாகப் பலர் ஊதியமின்றி உழைத்தனர். வந்தவரின் சொற்களைப் பொறுமையுடன் கேட்ட அவர்கள், அவருடைய உள்ளத்தை அவர் வாழும் தெருவினின்று பிரித்துப் பார்க்கவில்லை. வேலையின்மை, நெரிசலான குடியிருப்பு, அன்றாட அவமதிப்பு ஆகியவற்றையும் நோயின் வரலாற்றில் சேர்த்தே ஆராய்ந்தனர். நோயை நோயென்றே கருதி மருத்துவம் செய்தனர். நியாயமான துயரத்துக்கு நோயென்று பெயரிட மறுத்தனர்.

இம்முறையின் பயன் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. டெலவேர் மாநிலத்தில் கறுப்பினக் குழந்தைகள் தனிப்பள்ளிகளுக்கே அனுப்பப்பட்டனர். பெற்றோர் வழக்குத் தொடுக்க, 1951இல் குழந்தைகள் லஃபார்க் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டனர். வெர்தாம் குழுவினர் வெள்ளையினக் குழந்தைகளையும் சேர்த்தே ஆராய்ந்தனர். பிரித்துவைத்தல் குழந்தையின் மனநலத்தைக் கெடுக்கிறது என அவர் சாட்சியமளித்தார். 1952இல் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ் அக்கேட்டினை ஏற்றார். பிரிவினை முறையையே நீக்குவது உச்ச நீதிமன்றத்தின் பொறுப்பு என்று கூறினும், வசதிகள் சமமாக இல்லாமையால் அக்குழந்தைகளை வெள்ளையர் பள்ளியிலேயே சேர்க்க ஆணையிட்டார். இவ்வழக்கும் வேறு மாநில வழக்குகளும் ஒன்றாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. 1954 மே 17இல், பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பு வந்தது. மருத்துவர் செவிமடுத்த குழந்தையின் துயரம், இவ்வாறு ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றத் துணைநின்றது.

லஃபார்க் மருத்துவமனை 1950களின் இறுதியில் மூடப்பட்டது. ஆயினும் அது விட்டுச்சென்ற பாடம் நமக்கும் உரியது. அது பிறந்த அதே 1946இல், அண்ணல் அம்பேத்கர் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸுக்கு மடல் எழுதி, தீண்டப்படாதார் நிலையும் கறுப்பினத்தார் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார் என்பதும் எண்ணத்தக்கது.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருந்த நம் தெருப் பையன் ஒருவனை ‘மந்தம்’ என்று நானே குறித்தேன். தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்காக அவன் பட்ட ஏச்சு பின்னரே எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

இளைஞர்களே, அவமதிப்பால் உள்ளம் நொந்தால் அது உங்கள் குறையன்று. உறக்கமின்மையும் வாட்டமும் தொடருமாயின் மருத்துவரை நாட வெட்கப்படாதீர்கள். கால் நூற்றாண்டாகக் கல்வி விளக்கேற்றிய நம் சங்கம், வாரம் இரு மாலைகள் நம் பிள்ளைகளின் மனக்குறை கேட்பதற்கென்று ஓர் அறையைத் திறந்து வைக்கட்டும். வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை. நிலவறை ஒன்றும் இரண்டு நாற்காலியும் போதுமென்று ஹார்லெம் நமக்குக் காட்டியிருக்கிறது.